புளூட்டோனியத் தொழிலாளர்களின் டோஸ் கணக்கு: எது அளவீடு, எது ஊகம்?

கேள்வி: புளூட்டோனியம் தயாரித்த ரஷ்யாவின் மாயாக் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுகளில், ஒரே ஆளின் நுரையீரல் டோஸ் (நுரையீரல் வாங்கிய கதிர்வீச்சின் அளவு) கணக்கின் ஒவ்வொரு பதிப்பிலும் மாறுகிறது. அதோடு, உண்மையான மதிப்பு இதைவிடச் சில மடங்கு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் எழுதுகிறார்கள். கருவி வைத்து அளந்த டோஸ் எப்படி இவ்வளவு மாறும்? அந்த எண்ணை நம்பலாமா?

பதில்: புளூட்டோனியம் உடலுக்குள் தரும் டோஸை எந்தக் கருவியும் அளப்பதில்லை. காமா கதிருக்குச் சட்டையில் குத்தும் பிலிம் பேட்ஜ் இங்கே உதவாது. புளூட்டோனியம்-239 விடும் ஆல்ஃபா துகள் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது. தோலைத் தாண்டி வெளியே வரவே வராது. அளக்க முடிவது சிறுநீரை, சில சமயம் மலத்தை, மார்பிலிருந்து கசியும் மிகப் பலவீனமான எக்ஸ் கதிரை, இறந்த பிறகு உறுப்புகளை. அங்கிருந்து டோஸ் வரை போக மூன்று நான்கு கணித மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எந்தப் படியில் எவ்வளவு பிழை நுழைகிறது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். பலரும் ஆய்வகத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் ஆய்வகம்தான் இந்தச் சங்கிலியின் உறுதியான கண்ணி.

முதலில் சிறுநீர் பாட்டிலையே பார்ப்போம். 24 மணி நேரச் சிறுநீரில் 1 மில்லிபெக்கரல் புளூட்டோனியம்-239 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் விநாடிக்கு ஒரு சிதைவு. நிறை சுமார் 0.44 பிகோகிராம். ஆய்வகத்தில் முதலில் புளூட்டோனியம்-242ஐத் தெரிந்த அளவில் தடங்காட்டியாகச் சேர்ப்பார்கள். கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படிய வைத்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அயனிப் பரிமாற்றப் பிசின் வழியாகப் பிரித்து, ஒரு எஃகுத் தகட்டில் மின்முலாம் பூசி, ஆல்ஃபா நிறமாலைமானியில் வைப்பார்கள். வேதிப் பிரிப்பில் 80 சதவீதம் மீண்டது, கருவியின் திறன் 25 சதவீதம், எண்ணிய நேரம் 60 மணி என்றால், 216 சிதைவுகளில் கருவி காண்பது சுமார் 43. அதன் வர்க்கமூலம் 6.6. அதாவது 15 சதவீதப் பிழை. 0.2 மில்லிபெக்கரல் என்றால் எண்ணிக்கை 9ஆக இறங்கி, பிழை மூன்றில் ஒரு பங்காகும். பின்னணியும் ஒன்றிரண்டு எண்ணிக்கை சேர்க்கும். இதற்கு மேல் ஆய்வகம் தரும் பிழை அதிகமில்லை. தடங்காட்டி இருப்பதால் வேதிப் பிரிப்பில் இழப்பு ஏற்பட்டாலும் அது தானாகவே சரிசெய்யப்பட்டுவிடும்.

ஆனால் பாட்டில் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே தவறு நடந்திருக்கலாம். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு புளூட்டோனியம் டைஆக்சைடு துகளின் கதிரியக்கம் சுமார் 12 மில்லிபெக்கரல். வேலையுடுப்பிலிருந்தோ கையிலிருந்தோ அப்படி ஒரு துகள் பாட்டிலுக்குள் விழுந்தால், உடலுக்குள் எதுவுமே போகாத ஆளுக்கும் பெரிய டோஸ் எழுதப்பட்டுவிடும். அதனால்தான் மாதிரியை ஆலை வளாகத்தில் எடுக்காமல், குளித்து உடை மாற்றிய பிறகு வீட்டிலோ மருத்துவமனையிலோ எடுக்கச் சொல்வார்கள். 24 மணி நேரமும் முழுமையாகச் சேகரித்தாரா என்பது இன்னொரு கவலை. ஒரு நாளின் முழுச் சிறுநீர் கிடைத்தால் சிதறல் காரணி 1.1 என்றும், கிரியாட்டினின் அளவை வைத்து 24 மணிக்கு ஈடுகட்டினால் 1.6 என்றும், ஒரே வேளைச் சிறுநீர் என்றால் 2 என்றும், உடலுக்குள்ளான டோஸைக் கணக்கிடுவதற்கான ஐரோப்பிய ஐடியாஸ் வழிகாட்டி வைத்திருக்கிறது. சிதறல் காரணி 2 என்றால், பெருக்கலிலும் வகுத்தலிலும் இரண்டு மடங்கு என்பது ஒரு திட்டவிலக்கம். 95 சதவீத எல்லைக்குப் போனால் அதுவே நான்கு மடங்கு.

அடுத்த படிதான் பெரிய தாண்டல்: சிறுநீரில் இவ்வளவு இருந்தால் உடலில் எவ்வளவு? இதற்கு முதலில் சூத்திரம் தந்தவர் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்தைச் சேர்ந்த ரைட் லாங்ஹாம். 1945 ஏப்ரல் முதல் 1947 ஜூலை வரை அமெரிக்க மருத்துவமனைகளில் 18 நோயாளிகளுக்குப் புளூட்டோனியத்தை ஊசிவழியே செலுத்தினார்கள். என்ன செலுத்தப்படுகிறது என்பதை அறிந்து தந்த சம்மதம் அவர்களிடம் வாங்கப்படவில்லை. இந்தத் துறையின் அடிப்படை எண்கள் அந்த அநீதியிலிருந்து வந்தவை என்பதை, அவற்றைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். லாங்ஹாமின் சூத்திரப்படி, இரத்தத்தில் கலந்த அளவில் சிறுநீர் வழியாக ஒரு நாளில் வெளியேறும் சதவீதம், நாட்களின் எண்ணிக்கையை மைனஸ் 0.74 அடுக்குக்கு உயர்த்தி, அதை 0.2ஆல் பெருக்கினால் வருவது.

அதே 1 மில்லிபெக்கரலை இதில் போட்டுப் பாருங்கள். புளூட்டோனியம் இரத்தத்தில் கலந்து 10 நாள் ஆகியிருந்தால், கலந்தது சுமார் 2.7 பெக்கரல். 100 நாள் என்றால் 15 பெக்கரல். 1,000 நாள் என்றால் 83 பெக்கரல். இரத்தத்தில் கலந்த ஒவ்வொரு பெக்கரலுக்கும் ஐம்பது ஆண்டு ஒப்படைப்பு டோஸ் (அந்த ஐம்பது ஆண்டில் சேரும் மொத்த டோஸ்; உடலுக்கு வரும் தீங்கைக் கணக்கில் கொள்ளும் சீவர்ட் என்ற அலகில்) ஏறத்தாழ 0.49 மில்லிசீவர்ட் என்ற பழைய காரணியை வைத்தால், முதல் ஆளுக்கு 1.3 மில்லிசீவர்ட், மூன்றாம் ஆளுக்கு 41 மில்லிசீவர்ட். பாட்டில் ஒன்றே, ஆய்வக முடிவும் ஒன்றே. தேதி மட்டும்தான் வேறு. எப்போது மூச்சில் போனது என்று தெரியாதபோது, முந்தைய மாதிரிக்கும் இந்த மாதிரிக்கும் நடுவில் உள்ள நாளை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆண்டுக்கு ஒரு மாதிரி என்றால் அந்த ஊகம் மட்டுமே டோஸைப் பல மடங்கு மாற்றிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிழுத்தவருக்கு ஒரு தேதி என்பதே கிடையாது.

லாங்ஹாமின் சூத்திரத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. ஊசி போடப்பட்டவர்களில் பலர் நோயுற்றவர்கள். பெரும்பாலான அளவீடுகள் சில மாதங்களோடு முடிந்துவிட்டன. லாஸ் அலமோஸின் ஆரம்பகாலத் தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, நீண்ட காலத்துக்குப் பிறகும் சூத்திரம் சொல்வதைவிட அதிகமாகப் புளூட்டோனியம் வெளியேறுவது தெரிந்தது. அப்படியானால் பழைய கணக்குகள் உடலில் இருந்ததைக் கூட்டிக் காட்டியிருக்கின்றன. பிரேதப் பரிசோதனை ஒப்பீடுகளும் பெரும்பாலும் அதையே சொல்லின. பின்னால் வந்த, உடலுக்கான கணித மாதிரிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் 1993ஆம் ஆண்டு மாதிரி, இரத்தத்திலிருந்து எலும்புக்கு 50 சதவீதமும் கல்லீரலுக்கு 30 சதவீதமும் போவதாக வைத்தது. 2005இல் லெகெட் குழு வெளியிட்டு, ஆணையம் 2019இல் ஏற்றுக்கொண்ட மாதிரியில் கல்லீரலுக்கு 60, எலும்புக்கு 30. தொழிலாளியின் உடலில் எதுவும் மாறவில்லை. கோப்பில் கல்லீரல் டோஸ் மட்டும் மாறிவிட்டது. பதிப்புக்குப் பதிப்பு எண் மாறுவதன் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதுவரை சொன்னதெல்லாம் இரத்தத்தில் கலந்த பிறகு நடப்பது. நுரையீரலில் இருப்பது என்ன ஆகிறது என்பதில்தான் உண்மையான சிரமம். என் கணிப்பில் மொத்த நிச்சயமின்மையில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. புளூட்டோனியம் நைட்ரேட் ஓரளவு கரையும்; அதை எம் வகை என்பார்கள். டைஆக்சைடு கரைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அது எஸ் வகை. ஆணையத்தின் பழைய பொதுமதிப்புகளில், எம் வகையின் மெதுவான பகுதி நாளொன்றுக்கு 0.005 வீதம் கரைகிறது. பாதி கரைய சுமார் 140 நாள். எஸ் வகை 0.0001 வீதம், பாதி கரைய 19 ஆண்டு. டோஸ் காரணிகள், 5 மைக்ரோமீட்டர் துகளுக்கு, எம் வகையில் பெக்கரலுக்கு 32 மைக்ரோசீவர்ட், எஸ் வகையில் 8.3 மைக்ரோசீவர்ட். அதாவது ஆணையம் தொழிலாளருக்கு ஓர் ஆண்டுக்குப் பரிந்துரைக்கும் சராசரி வரம்பான 20 மில்லிசீவர்ட்டை எட்ட எம் வகையில் 625 பெக்கரல் போதும், கால் மைக்ரோகிராம்தான். எஸ் வகையில் சுமார் 2,400 பெக்கரல் வேண்டும், ஒரு மைக்ரோகிராம்.

காரணியை மட்டும் பார்த்தால் எஸ் வகை பாதுகாப்பானது போலத் தோன்றும். சிறுநீரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும்போது நிலைமை தலைகீழாகிறது. எஸ் வகை மிகக் குறைவாகவே இரத்தத்துக்குப் போகும். எனவே சிறுநீரில் அதே 1 மில்லிபெக்கரல் தெரிய வேண்டுமானால் நுரையீரலில் மிக அதிகமாகப் படிந்திருக்க வேண்டும். ஒரே சிறுநீர் மாதிரியை எம் வகை என்று வாசித்தால் வரும் டோஸைவிட, எஸ் வகை என்று வாசித்தால் வருவது பல மடங்கு கூடும். நுரையீரல் டோஸில் இடைவெளி அதைவிடப் பெரிது. அதனால் எஸ் வகைத் தூசி உள்ள இடத்தில், சிறுநீரில் எதுவும் கண்டறியப்படவில்லை என்ற முடிவு, டோஸ் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆக்சைடிலும் ஒரே குணம் கிடையாது. 1965 அக்டோபர் 15இல் அமெரிக்காவின் ராக்கி ஃபிளாட்ஸ் ஆலையில் நடந்த தீ விபத்தில் உயர்ந்த வெப்பத்தில் எரிந்து உருவான ஆக்சைடைத் தொழிலாளர்கள் சுவாசித்தார்கள். அது பொது எஸ் வகையைவிடவும் மெதுவாகக் கரைந்து, பல ஆண்டுகள் நுரையீரலிலேயே தங்கியது. நேரெதிரான உதாரணம் 1971இல் லாஸ் அலமோஸில். அங்கே சுவாசிக்கப்பட்டது பீங்கான் போல இறுகிய புளூட்டோனியம்-238 டைஆக்சைடு. முதலில் சிறுநீரில் ஏறத்தாழ எதுவும் தெரியவில்லை. மாதங்கள் போகப் போக அளவு ஏறிக்கொண்டே வந்தது. புளூட்டோனியம்-238 ஒரு கிராமுக்கு 239ஐப்போல சுமார் 275 மடங்கு கதிரியக்கம் கொண்டது. தன் சிதைவின் விசையாலேயே துகள் நொறுங்கி, பிறகு கரையத் தொடங்குகிறது. முதல் வாரம் ஒரே ஒரு சிறுநீர் மாதிரி எடுத்து கோப்பை மூடியிருந்தால் இந்தத் தொழிலாளர்களுக்கு டோஸே இல்லை என்று எழுதியிருப்பார்கள்.

மார்பின் மேல் கருவி வைத்து நேரடியாக அளக்கக்கூடாதா என்று கேட்கலாம். புளூட்டோனியம்-239லிருந்து வெளிவரும் எக்ஸ் கதிரின் ஆற்றல் 13 முதல் 21 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் அளவில்தான் இருக்கும். 17 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கதிரைப் பாதியாகக் குறைக்க சுமார் 6 மில்லிமீட்டர் திசு போதும். மார்புச் சுவரின் தடிமனை 1 சென்டிமீட்டர் தவறாக மதிப்பிட்டால் விடை மூன்று மடங்கு பிசகும். கண்டறியும் எல்லையோ ஆயிரக்கணக்கான பெக்கரல். அதனால், 239ஓடு கலந்திருக்கும் புளூட்டோனியம்-241 சிதைந்து உருவாகும் அமெரிசியம்-241இன் 59.5 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் காமாவைப் பிடிப்பார்கள். அது பத்து பெக்கரல் அளவிலேயே தெரியும். ஆனால் அங்கிருந்து புளூட்டோனியத்துக்குப் போக, அந்த நாளில் அந்தத் தூசியில் இரண்டும் எந்த விகிதத்தில் இருந்தன என்று தெரிந்தாக வேண்டும். புதிதாகச் சுத்திகரித்த புளூட்டோனியத்தில் அமெரிசியம் கிட்டத்தட்ட இருக்காது. பத்தாண்டு கிடங்கில் கிடந்ததில் கணிசமாக இருக்கும். நடுவில் ஒரு விகிதத்தை எடுத்து எல்லாருக்கும் போடுவது மிகவும் ஆபத்தான பழக்கம்.

சிகிச்சையும் கணக்கைக் குழப்பும். புளூட்டோனியத்தைப் பிடித்து உடலிலிருந்து வெளியேற்றும் டி.டி.பி.ஏ. மருந்து கொடுத்தால் சிறுநீரில் புளூட்டோனியம் பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்கு ஏறும். மருந்தின் தேதி கோப்பில் இல்லாவிட்டால், அந்த உயர்ந்த மதிப்பை இயல்பான வெளியேற்றம் என்று வாசித்து டோஸைப் பன்மடங்கு பெருக்கிவிடுவார்கள். காயத்தின் வழியே நுழைந்தால் நுரையீரலுக்கான கணித மாதிரியே பொருந்தாது. அதற்குத் தனி மாதிரி உண்டு.

இனி மாயாக். தெற்கு யூரல் மலைப்பகுதியில், இன்று ஓஸ்யோர்ஸ்க் எனப்படும் மூடிய நகரத்தின் அருகே, முதல் உலை 1948 ஜூனில் இயங்கத் தொடங்கியது. வேதிப் பிரிப்பு ஆலையும் உலோக ஆலையும் அடுத்த சில மாதங்களில். 1948 முதல் 1982 வரை வேலைக்குச் சேர்ந்த சுமார் 25,700 பேர் ஆய்வுக் குழுவில் இருக்கிறார்கள். உலகில் புளூட்டோனிய அபாயம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவர்களின் உடல்கள் சொன்னது. மிக மோசமான ஆண்டுகள் முதல் பத்தாண்டு. முறையான சிறுநீர்ச் சோதனை பரவலானதோ அதற்கு வெகுகாலம் கழித்து. ஆக, 1950இல் சுவாசித்ததை 1970களின் மாதிரியிலிருந்து பின்னோக்கி ஊகிக்க வேண்டியிருக்கிறது. யார் எந்தக் கட்டடத்தில், எந்த ஆண்டில், நைட்ரேட்டோடு வேலை செய்தாரா ஆக்சைடோடா என்பது வேலைப் பதிவேடு சொல்வது மட்டுமே. புகைப்பழக்கமும் குறுக்கே வருகிறது: அது நுரையீரல் துகளை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கிறது, புற்றுநோயையும் தானாகவே உண்டாக்குகிறது.

இந்தச் சிக்கலை நேர்மையாகக் கையாண்ட முறை 2013ஆம் ஆண்டு மாயாக் டோஸ் முறை. ஓர் ஆளுக்கு ஒரே எண் தருவதை விட்டுவிட்டு, ஆயிரம் சாத்தியமான டோஸ் வரலாறுகளை அது தருகிறது. இதில் நுட்பமான ஒரு பிரிப்பு உண்டு. சில பிழைகள் ஆளுக்கு ஆள் தனித்தனி: ஒருவரின் பாட்டில், ஒருவரின் மூச்சு வேகம். சில பிழைகள் எல்லாருக்கும் பொது: நைட்ரேட் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதில் தவறினால், அந்த ஆலையின் அத்தனை பேருக்கும் ஒரே திசையில் தவறுவோம். எனவே ஆயிரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பொது அளவுருக்களை ஒருமுறை மட்டும் எடுத்து, எல்லாருக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். தனித்தனிப் பிழைகள் ஆயிரக்கணக்கானவரைச் சேர்க்கும்போது ஓரளவு கரைந்துபோகும். பொதுப் பிழை எத்தனை பேரைச் சேர்த்தாலும் கரையாது.

அப்படிப்பட்ட ஒரு பொது அளவுருவைக் கிட்டத்தில் பார்க்கலாம். கரைந்த புளூட்டோனியத்தில் ஒரு சிறு பங்கு இரத்தத்துக்குப் போகாமல் மூச்சுக்குழாய் திசுவோடு ஒட்டிக்கொள்கிறது. 2013 முறை அதை 0.2 சதவீதம் என்று வைத்தது. அற்பமாகத் தோன்றும், ஆனால் ஒட்டியது ஆயுள் முழுவதும் அங்கேயே, புற்றுநோய் தொடங்கும் செல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இந்த எண் ஓரிரு சதவீதமாக இருந்தால் நைட்ரேட் தொழிலாளர்களின் நுரையீரல் டோஸ் கணிசமாக உயர்ந்துவிடும். சிறுநீரிலோ இதன் சுவடே தெரியாது. இதைத் தீர்மானிக்க உதவியவை விலங்குச் சோதனைகளும், இறந்த பிறகு தங்கள் உடலை ஆய்வுக்குத் தந்த தொழிலாளர்களின் திசுக்களும்தான். அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய புளூட்டோனிய, யுரேனியத் தொழிலாளர் பதிவகமும், ஓஸ்யோர்ஸ்க் உயிர்இயற்பியல் நிறுவனத்தின் பிரேதப் பரிசோதனைத் தொகுப்பும் இல்லாவிட்டால், இந்தக் கணித மாதிரிகளைச் சரிபார்க்க வழியே இருந்திருக்காது.

டோஸ் பிழை அபாயக் கணக்கை எப்படிப் பாதிக்கிறது? ஒருவரின் அளவீடு தன் உண்மை மதிப்பைச் சுற்றிச் சிதறினால், டோஸுக்கும் நோய்க்கும் இடையிலான சரிவு தட்டையாகும். அபாயம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். வேலைப் பிரிவின் சராசரியை எல்லாருக்கும் போட்டால் சரிவு பெரும்பாலும் கெடாது, ஆனால் ஓர் ஆளின் எண் அவருடையதாக இருக்காது. பொதுப் பிழை நம்பிக்கை இடைவெளியை, குறிப்பாக அதன் மேல் எல்லையை, நீட்டிவிடும். 2013இல் வெளியான கில்பர்ட் குழுவின் ஆய்வில், 60 வயதில் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயின் கூடுதல் ஒப்பீட்டு அபாயம் ஒரு கிரேக்கு (கிரே என்பது திசு உறிஞ்சிய கதிர் ஆற்றலின் அலகு) 7.4, அதாவது வழக்கமான அபாயத்தின் மேல் அதைப்போல 7.4 மடங்கு கூடுகிறது; நம்பிக்கை இடைவெளி 5.0 முதல் 11 வரை. பெண்களுக்கு 24, இடைவெளி 11 முதல் 56 வரை. ஆபத்து உண்டு என்பதில் ஐயமே இல்லை. எவ்வளவு என்பதில்தான் மடங்குகள் ஆடுகின்றன.

ஆகவே எண்ணை நம்பலாமா என்பது, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டோஸ் பரவல் பெரும்பாலும் மடக்கை இயல்நிலைப் பரவல், அதாவது மடங்குகளில் சிதறுவது. வடிவியல் திட்டவிலக்கம் (முன்பு சொன்ன சிதறல் காரணி போன்றது) 3 என்றால், 95 சதவீத எல்லை நடுமதிப்பிலிருந்து இருபுறமும் எட்டரை மடங்கு விரியும். சராசரி நடுமதிப்பைப்போல 1.8 மடங்கு இருக்கும். சட்ட வரம்பைச் சரிபார்க்க ஒற்றை மதிப்பு எடுப்பார்கள், அதுவும் ஐம்பது ஆண்டுக்குச் சேர்த்து ஒப்படைப்பு டோஸாக, சீவர்ட்டில். நோய் ஆய்வுக்கு அது உதவாது. உறுப்பு வாரியாக, ஆண்டு வாரியாக, கிரேயில் வேண்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து ஒப்பிடும் கட்டுரைகளை இன்னும் பார்க்க முடிகிறது. இழப்பீடு வேறு. அமெரிக்காவில் 2000இல் வந்த சட்டப்படி, நோய்க்கு வேலையே காரணமாக இருந்திருக்கும் நிகழ்தகவின் 99ஆம் சதமானம் (நிச்சயமின்மையைச் சேர்த்த மேல் மதிப்பு) 50 சதவீதத்தைத் தொட்டால் இழப்பீடு உண்டு. பதிவேடு இல்லாத குற்றம் தொழிலாளியின் தலையில் விழக்கூடாது என்பதால், நிச்சயமின்மையின் பலன் அவருக்கே போகிறது. இது சரியான ஏற்பாடு. நடுமதிப்பை மட்டும் காட்டி ஒரு கோரிக்கையை நிராகரிப்பது, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதாகும்.

ஒரு டோஸ் அறிக்கை கையில் கிடைத்தால் பார்க்க வேண்டியவை: எந்த வேதிவடிவம் என்று வைத்தார்கள், எம் வகையா எஸ் வகையா, அதற்கு ஆதாரம் என்ன, உள்ளிழுத்த தேதி தெரிந்ததா, நடுநாள் ஊகமா, கண்டறியும் எல்லைக்குக் கீழே இருந்த முடிவுகளை என்ன செய்தார்கள். பூஜ்யம் என்றோ, எல்லையில் பாதி என்றோ போட்டிருந்தால், முப்பது ஆண்டு மாதிரிகளைக் கூட்டும்போது அந்தப் பழக்கமே ஒரு டோஸை உண்டாக்கும் அல்லது அழிக்கும். அளந்த எண்ணிக்கையை, அது மைனஸில் இருந்தாலும், அப்படியே பிழையோடு பதிந்து வைத்திருந்தால் மட்டுமே பின்னால் வருபவர் சரியாகக் கணக்கிட முடியும். டி.டி.பி.ஏ. கொடுத்த நாட்கள், அமெரிசியம் விகிதம், எந்த ஆண்டின் கணித மாதிரி என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சம்பவம் நடந்த உடனே செய்யக்கூடியவை, பின்னால் எந்தக் கணினியாலும் ஈடுகட்ட முடியாதவை. மூக்குத் துடைப்பு மாதிரி, முதல் மூன்று முதல் ஐந்து நாள் மலம், அறைக் காற்றின் வடிகட்டித் தாள் ஆகியவற்றை எடுத்து வைக்க வேண்டும். அந்தத் தாளில் உள்ள தூசியை நுரையீரல் திரவத்தை ஒத்த கரைசலில் போட்டு, எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று சில வாரங்கள் அளந்தால், பெரிய ஊகமான கரைதிறன் அந்த ஆலைக்கே உரிய அளவீடாகிவிடும். அதன் பிறகு சிறுநீரை மாதக்கணக்கில் தொடர வேண்டும். பல பத்தாண்டு கழிந்தவர்களுக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. 1 மில்லிபெக்கரலில் சுமார் 110 கோடி அணுக்கள் இருக்கின்றன. சிதைவுக்குக் காத்திராமல் அணுக்களையே எண்ணும் நிறை நிறமாலைமானி, மைக்ரோபெக்கரல் அளவு வரை காண்கிறது. அந்த அளவில் அணுகுண்டுச் சோதனைகளின் தூசியால் பொதுமக்கள் எல்லாருடைய சிறுநீரிலும் இருக்கும் சில மைக்ரோபெக்கரலும் தெரியத் தொடங்கும். எனவே புளூட்டோனியம்-240க்கும் 239க்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். சோதனைத் தூசியில் அது சுமார் 0.18, ஆயுதத் தரப் புளூட்டோனியத்தில் சுமார் 0.06. ஓய்வுபெற்றவரின் பாட்டிலில் இருப்பது ஆலையிலிருந்து வந்ததா, காற்றிலிருந்து வந்ததா என்று அந்த விகிதத்தைக் கொண்டு பிரித்தறியலாம்.